சாயங்காலம் நீங்கதானே வருவீங்க?

புதிதாக ஸ்கூல் வேன் ஓட்ட வரும் தம்பிகளுக்கு ஏதாவது எழுதச் சொன்னார்கள். கிளட்ச், பிரேக் பற்றியெல்லாம் உங்களுக்கே தெரியும். நான் செய்த ஒரு தப்பை எழுதுகிறேன்.

பாலவாக்கத்திலிருந்து அடையாறு வழியாக சாந்தோம் வரை என் ரூட். பதினாலு பிள்ளைகள். மூன்றாம் வகுப்பு ரோஸ்லின் அந்த ஜூனில் புதிதாகச் சேர்ந்தாள். அம்மா மீன் விற்பவர். முதல் நாள் ஸ்கூலில் இறங்கும்போது, "அங்கிள், சாயங்காலம் நீங்கதானே வருவீங்க?" என்று கேட்டாள். "நான்தாம்மா" என்றேன். மறுநாளும் கேட்டாள். ஒரு மாதம் ஆகியும் விடவில்லை.

பிள்ளைகளுக்குப் பட்டப்பெயர் வைப்பது என் வழக்கம். அவளுக்கு 'டவுட்டு ராணி'. வேனே கோரஸாகக் கூப்பிடும். ஐடி கார்டு கயிற்றை மென்று நூலாக்கி வைத்திருப்பாள். "இன்னா, வூட்ல டிபன் போடலியா?" என்று கிண்டல் பண்ணுவேன். அடையாறு பாலம் தாண்டினால் வயிறு வலிக்கிறது என்பாள். மட்டம் போடப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். எல்லாவற்றையும் தினமும் கண்ணாடியில் பார்த்தவன் நான்தான். பார்த்து என்ன பிரயோஜனம்?

ஒரு நாள் டிராஃபிக்கில் மாட்டி எரிச்சலில் இருந்தேன். அவள் கேட்டதும், "இல்ல, இன்னிக்கு நான் வர மாட்டேன், போ" என்றேன். விளையாட்டுக்குத்தான். எல்லாரும் சிரித்தார்கள்.

சாயங்காலம் ஸ்கூல் கேட்டில் அவள் இல்லை. முக்கால் மணி நேரம் தேடினோம். பாத்ரூமில் உள்தாழ்ப்பாள் போட்டு உட்கார்ந்திருந்தாள். அழுது அழுது வாந்தி எடுத்திருந்தாள்.

வீட்டில் விட்டபோது அவள் அம்மா சொன்னார்: "போன வருசம் வேற வேன்ல போய்க்கினு இருந்துச்சுண்ணா. ஒரு நாள் டிரைவர் வரவே இல்ல. இருட்ற வரிக்கும் கேட்டாண்ட தனியா நின்னுக்கினு இருந்துச்சு. அதான் கேட்டுக்கினே கீது. உங்களாண்ட முன்னாடியே சொல்லாதது என் தப்புதாண்ணா."

காலையில் நான் சொன்னதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பழியை அவர் தலையிலேயே விட்டுவிட்டு வண்டியை எடுத்தேன். அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

தம்பிகளே, ஒரே கேள்வியைத் தினமும் கேட்கிற பிள்ளைக்குப் பதில் மறந்துபோகவில்லை. பயப்படுகிறது. நூறு தடவை கேட்டாலும் நூறு தடவை சொல்லுங்கள். அந்தப் பிள்ளையின் வீட்டிலும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

மறுநாளிலிருந்து நானே முந்திக்கொண்டு, "சாயங்காலம் நான்தாம்மா வருவேன்" என்று சொல்ல ஆரம்பித்தேன். தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போவாள். அந்த வருடம் முடியும்வரை ரோஸ்லின் என்னிடம் எதுவுமே கேட்கவில்லை.