நீலச் சட்டை போட்ட சாரணன்

ஜெர்மனியின் எசன் நகருக்கு வெளியே, காட்டோரத்தில், கோடைகாலத் திறந்தவெளி மேடை ஒன்று உண்டு. ஜெர்மன்காரர்கள் முகத்தில் மண்ணிறம் பூசிக்கொண்டு செவ்விந்தியர்களாக நடிப்பார்கள். நான் நுழைவுச்சீட்டுக் கிழிக்கப் போனவன். பூச்சுத் தேவையில்லாத முகம் என்று என்னையும் மேடையேற்றிவிட்டார்கள்.

எனக்குக் கிடைத்தது அமெரிக்க இராணுவத்தின் நீலச் சட்டை போட்ட, அப்பாச்சே என்ற செவ்விந்திய இனத்துச் சாரணனின் வேடம். படைக்கு முன்னால் போய், தன் இனத்தாரின் தடத்தையே பார்த்துச் சொல்பவன். அப்படிப்பட்டவர்களில் சிலர் வீரத்துக்கான உயர்ந்த பதக்கத்தைப் பெற்றிருக்கிறார்கள் என்று நூலகத்தில் வாசித்தேன். எங்கள் வீட்டில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். எதையும் வாசித்துப் பார்த்தால்தான் மனம் ஆறும். வாசிக்க வாசிக்க அந்த மனிதர்கள்மேல் மரியாதை கூடிக்கொண்டே போனது.

இலங்கையிலிருந்து அகதியாக வந்த அப்பாவிடம் சொன்னபோது சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

“ஆமிச் சட்டை போடப்போறியோ? அதுவும் தன்ர சனத்துக்கு எதிரா நிண்டவன்ர வேஷம்?”

“காயப்பட்ட ஆளை வெடிச் சூட்டுக்குள்ள போய்த் தூக்கினவர், அப்பா.”

“ஆமிக்குப் பயந்து ஓடி வந்தவன் நான். என்னாலை பாக்க ஏலாது.”

“அப்ப வீட்டிலை இருந்து ரீவி பாருங்கோ,” என்றார் அம்மா. “நான் போறன்.”

அப்பா பார்க்காத நாடகத்தில் நடித்து என்ன பயன் என்று எனக்குள் ஒரே அரிப்பு.

முதல் காட்சிக்கு அப்பா வந்துவிட்டார். நாலாவது வரிசையில், கைகளைக் கட்டிக்கொண்டு, மேடையைப் பாராமல் மரங்களைப் பார்த்தபடி.

காயப்பட்ட சிப்பாயாகப் படுத்திருந்தவர் ஒரு பேக்கரிக்காரர், நல்ல பாரம். வெடிச்சத்தத்துக்குள் ஓடிப்போய்த் தூக்கினேன். ஈரப் புல் வழுக்கி இருவரும் விழுந்தோம். “நீ போ, நான் தவழ்ந்து வருகிறேன்,” என்று அவர் ஜெர்மனில் கிசுகிசுத்தார்.

அப்போது சபையிலிருந்து ஒரு குரல்.

“விட்டிட்டுப் போகாதை! தூக்கடா அவரை!”

அப்பா எழுந்து நின்றிருந்தார். தூக்கினேன், எப்படித் தூக்கினேன் என்று இன்றும் தெரியாது.

இயக்குநருக்கு ஒரே சந்தோஷம். அப்பா கத்திய தமிழை அப்பாச்சே மொழி என்று பலர் நினைத்துவிட்டார்களாம். தினமும் வந்து கத்தமுடியுமா என்று அப்பாவையே கேட்டார்.

வேடச் சட்டையைக் கழற்றாமலே காரில் ஏறினேன். அப்பா மெல்லக் கேட்டார்: “பதக்கம் குடுத்தவையெல்லோ, பிறகு அவையளை நல்லா வைச்சிருந்தவையோ?”

“இல்லையப்பா. படைக்கு உழைச்ச சாரணர் சிலரையும் தங்கட சனத்தோட கைதியா ரயில்லை ஏத்தினவை.”

வீட்டு வாசலில் அப்பா திறப்பைப் பூட்டுக்குள் போட்டுவிட்டுத் திரும்பினார்.

“அந்தச் சட்டையோட வீட்டுக்குள்ள வராதை. நாளைக்கு எத்தினை மணிக்குத் தொடங்குது?”