காலரில் பட்ட குங்குமம்

எங்கள் அத்தைக்குக் கோபம் வந்தால் அவள் கத்தரிக்கோல்கூட ஒளிந்துகொள்ளும். அப்படிப்பட்டவளை ஒரே ஒரு நாள் அழவைத்தது அந்தக் கத்தரிக்கோல்தான்.

நசரத்பேட்டையில் நாற்று நட்டுக்கொண்டிருந்தவள் அவள். அம்பத்தூரில் வெளிநாட்டுக்குச் சட்டை தைத்து அனுப்பும் கம்பெனிகள் முளைத்ததும், தெருவின் பாதிப் பெண்களோடு வேன் ஏறிவிட்டாள். நடவுக்கு ஆள் இல்லை என்று நிலக்காரர்கள் புலம்பினார்கள். அப்பாவின் தொழிற்சாலை மூடிக் கிடந்த நேரம் அது. அத்தை போனால்தான் எங்கள் எல்லோருக்கும் சோறு. தைத்த சட்டையில் தொங்கும் நூல் பிசிறுகளை வெட்டுவது அவள் வேலை.

ஆயுத பூஜைக்குத் தையல்காரர்கள் தங்கள் மெஷினுக்குப் பொட்டு வைத்தார்கள். அத்தைக்கு ஏது மெஷின்? கத்தரிக்கோலுக்கே சந்தனமும் குங்குமமும் கல்யாணப் பெண் கணக்காக அப்பினாள். மறுநாளும் லீவுதான். ஆனால் சாயங்காலம் லாரி ஹார்பருக்குப் போயாக வேண்டும் என்று எல்லோரையும் கூப்பிட்டுவிட்டார்கள். பள்ளிக்கூடம் இல்லாத என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். போன அவசரத்தில் கத்தரிக்கோலைத் துடைக்காமலே வெட்ட ஆரம்பித்தாள். அத்தனையும் வெள்ளைச் சட்டை.

சூப்பர்வைசர் ஒரு காலரைத் தூக்கிப் பார்த்து அலறினார்.

“இன்னாக்கா இது? வெள்ளக்காரனுக்கும் பொட்டு வெச்சு அனுப்புறியா? ஒரு கறை கீதுன்னா மொத்த லோடையும் திருப்பி அடிப்பான். அப்பால உனக்கும் வேலை இல்ல, எனக்கும் இல்ல!”

“சாமி கும்புட்டதுக்கா நைனா வேலைய புடுங்குவ?” என்ற அத்தைக்குப் பாதியிலேயே குரல் உடைந்தது.

பக்கத்து மேஜைக்காரி எழுந்தாள். “யக்கா, மூக்க சிந்தினது போதும், சோப்ப எடு. உன் கண்ணீர் பட்டா அதுக்கு வேற தனியா தொவைக்கணும்.”

மொத்த மேஜையும் எழுந்தது. பல் தேய்க்கிற பிரஷ்களை எங்கிருந்தோ பிடித்துவந்து காலர்களைத் தேய் தேய் என்று தேய்த்தார்கள். இஸ்திரி போடுகிற அண்ணன் ஈரத்தோடு வாங்கி ஆவி பறக்க மடித்துத் தந்தார். கறை போகாத ஒரே ஒரு சட்டையைச் சூப்பர்வைசர் என் தலையில் போட்டார்.

“தீவாளிக்குப் போட்டுக்கோ. யார்கிட்டயும் மூச்சு விடாத.”

உபரியாகத் தைத்ததில் ஒன்றை எடுத்து அதற்கு ஈடுகட்டினார்கள். லாரி கிளம்பியது. அத்தையின் வேலையும் தப்பியது. முழங்கால்வரை தொங்கிய அந்தச் சட்டைதான் அந்த வருஷம் எனக்குப் புதுத்துணி.

வெள்ளிக்கிழமை மாங்காட்டு அம்மன் முன்னால் அத்தை கைகூப்பி, ஊருக்கே கேட்கிற மாதிரி வேண்டினாள். “தாயே, நாங்க அனுப்புன சட்டைய போட்டுக்கப்போற புண்ணியவான் எங்க இருந்தாலும் நல்லா இருக்கணும். அவன் சட்டை மட்டும் சீக்கிரமா கிழிஞ்சுடணும்.”

என் காலேஜ் ஃபீஸைக் கட்டியதில், கிழியக் கிழியப் புதுச்சட்டை வாங்கிய அந்த முகம் தெரியாத மனுஷனுக்கும் பங்கு உண்டு. எங்கே இருந்தாலும் அவன் நன்றாக இருக்கட்டும். அன்றைக்கு நான் நினைத்ததோ வேறு: ஒரே வாயால் வாழ்த்திவிட்டுச் சாபமும் விடுகிறாளே, அழுததில் அத்தைக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது.