ஆடுற சாமான ஏத்தமாட்டாரு

என் வீட்டுக்காரர் றொனால்டோடு சாமான் ஏற்றிக்கொண்டு போவதைப் போல எரிச்சலான காரியம் இந்த வட்டவளை ஊரில் வேறு கிடையாது. சொந்தமாகச் சின்ன லொறி வைத்திருக்கிறார். ஆனால் ஒரு தரம் கூப்பிட்டவர்கள் மறுதரம் கூப்பிடுவதில்லை. மூட்டையைத் தள்ளிப் பார்ப்பார், கயிற்றை இழுத்துப் பார்ப்பார், திருப்தியில்லாமல் எல்லாவற்றையும் அவிழ்ப்பார். "கோழித்தீன் மூட்டைதானேங்க" என்றால், "மூட்டை சரிஞ்சா வண்டியும் கூடத்தான் சரியும்" என்பார். கொட்டுகிற மழையிலும் இதே கூத்துதான்.

முன்பு வளைகுடாவில் விமானத்துக்குச் சாமான் ஏற்றும் வேலையில் இருந்தார். உள்ளே சாமானை அசையாமல் பிடிக்கிற பூட்டுகள் சரியில்லை என்று ஒருநாள் ஏற்ற மறுத்துவிட்டார். மேலாளர் வேறு ஆளை வைத்து ஏற்றினார். விமானம் பத்திரமாகப் போய் இறங்கியது. இவர்தான் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்தார். எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். "அந்த பிளேனுக்கு ஒண்ணும் ஆகலையே, பின்ன ஏன் வம்பு பண்ணுனீங்க?" என்று எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். லொறியைக் கழுவப் போய்விடுவார்.

போன மாதம் என் அண்ணன் கிறிஸ்டியனின் மகள் டிலுக்ஷிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு பொகவந்தலாவை. அலுமாரியும் கட்டிலும் பிரிட்ஜும் எங்கள் லொறியில் போவதாகப் பேச்சு. ஏற்றி முடித்ததும் அண்ணனும் சொந்தக்காரப் பையன்கள் நாலு பேரும் பின்னால் தாவி ஏறினார்கள்.

"எல்லாரும் இறங்குங்க. கயிறு போட்டுக் கட்டணும்" என்றார் இவர்.

"கயிறு எதுக்கு மச்சான்? நாங்க புடிச்சிக்கிட்டு வர்றோம்."

"அலுமாரிய ஆள் புடிக்க முடியாது. சாஞ்சா முதல்ல ஒங்களத்தான் நசுக்கும்."

"நல்ல காரியத்துக்குப் போறப்ப பேசுற பேச்சா இது?"

இவர் சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். எனக்குத் தலையே வெடித்துவிடும் போலிருந்தது. அண்ணன் கோபத்தில் கடைத்தெருவிலிருந்து வாடகை லொறி கொண்டுவந்து, சாமானை மாற்றி, பையன்களையும் ஏற்றிக்கொண்டு பாட்டும் விசிலுமாகக் கிளம்பினார். நாங்கள் வெறும் லொறியில் பின்னால் போனோம். சொந்த அண்ணன் மகள் கல்யாணத்தில் இப்படியொரு அவமானம்! வழி முழுக்கத் திட்டிக்கொண்டே வந்தேன்.

நோர்வூட் தாண்டி ஒரு ஏற்றம். முன்னால் போன லொறி மூக்கைத் தூக்கி ஏறியது. அலுமாரி மெல்லப் பின்பக்கமாக நகர்ந்தது. பையன்கள் "ஓ" என்று சிரித்துக்கொண்டே முதுகைக் கொடுத்து நிறுத்தினார்கள். லொறி வளைவில் மறைந்தது. இவர் வண்டியை ஓரங்கட்டினார். எஞ்சினை நிறுத்தினார்.

"பசறை அழகன ஞாபகமிருக்கா?"

"வளைகுடாவுல ஒங்க ரூம்ல இருந்தவருதானே? போன்ல அக்கா அக்கான்னு பேசுவாரு. வேற கம்பெனிக்குப் போயிட்டாருன்னு சொன்னீங்க."

"போகல. செத்துட்டான்."

ஒரு விமானத்தில் பெரிய ஜெனரேட்டர்களை ஏற்றியிருக்கிறார்கள். போய் இறங்கும் இடத்தில் சாமான் இறக்க ஆள் வேண்டுமென்று அழகனும் கூடப் போயிருக்கிறார்.

"மேல கிளம்புனதும் மூக்கு தூக்குச்சு. தூக்கிக்கிட்டே போச்சு. உள்ள சாமான் பூட்ட உடைச்சிக்கிட்டு வாலுப்பக்கம் போயிருச்சு. ஆகாசத்துல அப்படியே நின்ன மாதிரி இருந்துச்சு டெல்சி. அப்புறம் சரிஞ்சு விழுந்துச்சு. நான் கீழ நின்னு பாத்துக்கிட்டிருந்தேன்."

"யாரு ஏத்துனது?"

"வேற ஷிப்டு. அன்னைக்கு நானா இருந்தாலும் ஏத்தித்தான் இருப்பேன். கொஞ்ச நாள் கழிச்சு இன்னொரு பிளேன்லயும் அதே மாதிரி உடைஞ்ச பூட்டப் பாத்தேன். அதான் மாட்டேன்னுட்டேன்."

அழுகை வந்தது. அதைவிட அதிகமாக ஆத்திரம் வந்தது. "இத மனசுக்குள்ள பூட்டி வச்சிக்கிட்டா இத்தனை வருஷமா கோழித்தீன் மூட்டைக்கு என்கூட சண்டை போட்டீங்க? ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்று கத்தினேன்.

"எப்படிச் சொல்றதுன்னு தெரியல" என்றார்.

போய்ச் சேர்ந்தபோது அலுமாரி ஒரு கீறல் இல்லாமல் மாப்பிள்ளை வீட்டு வாசலில் நின்றது. "என்ன மச்சான், பிளேன் இறங்கிருச்சா?" என்று அண்ணன் கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். நான் அண்ணனைக் கொல்லைப்பக்கம் இழுத்துப்போய் நடந்ததைச் சொன்னேன். "பாவந்தான். ஆனா நாங்க நல்லபடியாத்தானே வந்து சேந்தோம்" என்றார். இந்த மனுசரிடம் என்ன பேசுவது?

பிறகு பசறைப் பக்கம் தெரிந்தவர்களை விட்டு விசாரித்தேன். அழகனின் அம்மா ராசம்மா இன்னும் அந்தப் பழைய தோட்டத்து லயத்து வீட்டில்தான் இருந்தார். "அந்தம்மா மூஞ்சில எப்படி முழிக்கிறது?" என்று இவர் பின்வாங்கினார். நான் விடவில்லை. போன ஞாயிறு பூசை முடிந்ததும் கூட்டிக்கொண்டு போனேன்.

மகனுடைய சவப்பெட்டியைத் திறந்து பார்க்க விடவில்லை என்று ராசம்மா சொன்னார். எப்படி விழுந்தது, ஏன் விழுந்தது என்றெல்லாம் கேட்பார் என்று இவர் வழியெல்லாம் பயந்துகொண்டு வந்தார். அவர் கேட்டது வேறு.

"தம்பி, அன்னைக்குப் புள்ள சாப்புட்டானா?"

"சாப்புட்டான்மா. நான்தான் ஆக்குனேன். சோறும் நெத்தலிக் கருவாட்டுக் குழம்பும்."

"புளி தூக்கலாப் போட்டீங்களா? இல்லாட்டி வாயில வைக்கமாட்டானே."

"போட்டேம்மா" என்றவர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். ராசம்மா அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.