முத்துப்பேச்சியின் காலில் பொங்கிய நுரை

முத்துப்பேச்சியைத் தெரியாத திராட்சைத் தோட்டம் கம்பம் பக்கத்தில் கிடையாது. பந்தலுக்கு அடியில் அண்ணாந்து நின்று நாள் முழுக்கக் குலை வெட்டுவாள். கூட வேலை பார்க்கிற எங்களுக்குக் கழுத்து கழன்றுவிடும். அவள் அடுத்த வரிசைக்குப் போயிருப்பாள்.

சர்க்கரை வியாதிக்காரி. போன தையில் பந்தல் கம்பி அவள் பாதத்தில் குத்திவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றாள். கட்டினவன் தங்கபாண்டிக்கு உடம்பு வளையவில்லை. மருந்துக்கடையில் ஹைட்ரஜன் பெராக்சைடு பாட்டில் ஒன்றை வாங்கிவந்து புண்ணில் ஊற்றினான். வெள்ளையாகப் பொங்கியது. அவனுக்கு ஒரே கொண்டாட்டம்.

"பாரு, கிருமி அம்புட்டும் சாகுது!"

அவள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். பார்க்கப் போயிருந்த நான், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொல்லிச் சத்தம் போட்டேன்.

"ஒனக்கு என்ன தெரியும்? போ அங்கிட்டு" என்று விரட்டினான். காலையும் மாலையும் ஊற்றினான்; தீரத் தீர புது பாட்டில் வாங்கினான். தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டு நுரையைக் காட்டினான், பாவி.

சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மனுக்கு அக்கினிச்சட்டி எடுப்பதாக அவள் நேர்ந்திருந்தாள். அதற்குள் கால் ஆறிவிட வேண்டும் என்று அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு காலை நீட்டினாள். ஒருநாள் ஊற்றும்போது அவள் அழவில்லை. "வலியே இல்ல, ஆறிருச்சு!" என்று குதித்தான். கால்விரல்கள் கறுத்துக் கிடந்தன. நாங்கள்தான் ஆட்டோ பிடித்துத் தூக்கிப்போனோம். அவனும் பின்னாலேயே வந்தான்.

டாக்டரம்மா அவனைப் பார்த்துத்தான் சொன்னார்கள்.

"நுரைச்சா கிருமி சாகுதுன்னு யாரு சொன்னா? கிருமிக்குள்ள கேட்டலேஸ்னு ஒரு என்சைம் இருக்கு. நீங்க ஊத்துனதைத் தண்ணியாவும் ஆக்சிஜனாவும் உடைச்சுத் தன்னைக் காப்பாத்திக்கிரும். அந்த ஆக்சிஜன்தான் நுரை. நம்ம சதையிலயும் அந்த என்சைம் உண்டு. ஆனா தினமும் ஊத்துனா புதுசா வளர்ற சதை தாங்காது. கிருமி பொழைச்சுக்கிருச்சு. வெந்தது இவுக சதைதான்."

முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். சட்டி எடுக்கப் போகிறவர்கள் வாசலைக் கடந்து போனதை அவள் கட்டிலில் கிடந்து பார்த்தாள்.

ஆனியில் தங்கபாண்டியின் விரலில் கொடி வெட்டுகிற கவாத்துக் கத்தரி பட்டுவிட்டது. ஒரு பொட்டு ரத்தம். அவ்வளவுதான், துணியைச் சுற்றிக்கொண்டு வண்டியை எடுத்து ஆஸ்பத்திரிக்குப் பறந்தான்.

கட்டுப் போட்டுத் திரும்பியவனை முத்துப்பேச்சி நிமிர்ந்து பார்த்தாள். கட்டிலுக்கடியில் கையை விட்டு, பாதி மருந்து மிஞ்சியிருந்த கடைசி பாட்டிலை எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

"ஏங்க, இது இங்கனதான இருக்கு? எதுக்கு அம்புட்டுத் தூரம் ஓடுனீக?"