மோட்டார் மேல் பழி போடாதவர்

ஆம்பூரில் எங்கள் தெருவில் எந்த மிஷின் நின்றாலும் ஆபித் பாஷா பாயைத்தான் கூப்பிடுவோம். ஷூ கம்பெனியில் இருபது வருஷம் மிஷின் பார்த்தவர். பிஸ்மில்லா சொல்லாமல் ஒரு ஸ்குரூவையும் தொட மாட்டார்.

போன ஐப்பசியில் என் மிஷின் நின்றுவிட்டது. ஷூவின் மேல்பாகம் தைக்கக் கம்பெனி என் வீட்டில் போட்டிருக்கும் மிஷின் அது. பிளக்கைச் செருகிச் சுவரில் இருக்கும் சுவிட்சைப் போட்டாலே மெயின் ட்ரிப் ஆகி வீட்டில் கரண்டு போனது. சூப்பர்வைசர் கோவிந்தராஜுக்குப் போன் போட்டேன்.

"மோட்டாரை எரிச்சிட்டியா ஜெயசீலி? மத்தியானம் வந்து தூக்கினு போறேன். வேற ஆளுக்குக் குடுத்துக்கறேன்."

ஜெபம் பண்ணிவிட்டுப் பாயைக் கூப்பிட்டேன்.

வந்தவர் மிஷினைத் திறக்கவே இல்லை. "மிஷின் சுவிட்ச் ஆஃப்ல இருக்கும்போதும் ட்ரிப் ஆவுதா?"

"ஆமா பாய்."

"அப்ப மோட்டார் மேல பழி போடாதம்மா. கரண்டு அதுவரைக்கும் போகவே இல்ல."

பிளக்கைப் பிடுங்கி, ஒயரை மிஷினிலிருந்து கழற்றினார். பையிலிருந்து கரண்டு சோதிக்கும் சின்ன மீட்டரை எடுத்து அதன் இரண்டு கம்பியிலும் வைத்தார். கீச்சென்றது.

"உள்ள ஒண்ணோட ஒண்ணு தொட்டுக்கினு இருக்கு." ஒயரைத் தடவிக்கொண்டே வந்த விரல் ஓர் இடத்தில் நின்றது.

எலி கடித்த இடம். டேப் இல்லையென்று துண்டுத் தோலைச் சுற்றி நான்தான் தைத்திருந்தேன். மழை ஒழுகி நனைந்து, காய்ந்திருந்தது.

"தோல் காஞ்சா சுருங்கும், உனக்குத் தெரியாததா? ரெண்டு கம்பியையும் சேத்து இறுக்கிடுச்சு." திருப்பிப் பார்த்தார். "தையல் நல்லாத்தான் இருக்கு."

"கோவிந்தராஜ் சார்கிட்ட சொல்லிடாதீங்க பாய்."

"நானா சொல்ல மாட்டேன். கேட்டா பொய்யும் சொல்ல மாட்டேன்."

புது ஒயர் போட்டார். மிஷின் ஓடியது. கொஞ்ச நேரத்தில் கோவிந்தராஜ் வந்துவிட்டார்.

"இன்னா பாய், மோட்டார் போச்சா?"

"மோட்டார் நல்லா இருக்கு. ஒயர்தான்."

"ஒயர் எப்படிப் போச்சு?"

பாய் மீட்டரைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். அவர் கைகள் மெதுவாயின. எனக்காக அவரை அப்படி நிறுத்தி வைக்க மனசு வரவில்லை. கருகிய தோலை எடுத்து நீட்டி, நடந்ததைச் சொன்னேன்.

கோவிந்தராஜ் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "ஒயருக்கு ஷூ தெச்சுப் போட்டிருக்கே. இனிமே எலி கடிச்சா பாயைக் கூப்பிடு, ஊசியை எடுக்காதே."

வெறுங்கையோடுதான் படி இறங்கிப் போனார்.

மறுநாள் அதே மிஷினில் பாயின் மீட்டருக்குத் தோலில் ஓர் உறை தைத்துக் கொடுத்தேன். வாங்கித் தையலைத் தடவிப் பார்த்தார்.

"மழைல நனைக்க மாட்டேன்மா."