ஐஸ் தண்ணீரில் நாற்பது டிகிரி

சிரிக்கிறவர்கள் தாராளமாகச் சிரித்துக்கொள்ளட்டும். ஷிபுவுக்கு நடந்தது பொய் இல்லை. குவைத் அப்பாசியாவில் அவனும் நானும் நாலு வருடம் ஒரே அறையில் மேல்கட்டில், கீழ்க்கட்டிலாகக் கிடந்தவர்கள். கேரளத்துக் கொட்டாரக்கரைக்காரன். ஏசி மெக்கானிக். யாராவது பேய், பிசாசு என்று ஆரம்பித்தால் "போய்த் தூங்குடா" என்று போர்வையை இழுத்துக்கொள்வான். பேய் என்றால் நடுராத்திரியில்தான் வரும் என்று நினைக்கிறீர்களே, அதுதான் தப்பு. இது பட்டப்பகலில், உச்சி வெயிலில் நடந்தது. ஜூலை மாதம்.

ஜூலையில் இங்கே குவைத்தில் பதினொரு மணியிலிருந்து நாலு மணிவரை வெயிலில் ஆளை நிறுத்தி வேலை வாங்கக்கூடாது. சட்டம் இருக்கிறது. எங்கள் ஃபோர்மேன் தங்கச்சனுக்கும் அது நன்றாகத் தெரியும்.

"சேட்டா, நாலு மணிக்கு மேல போறேனே," என்று கெஞ்சினான் ஷிபு.

"நாளைக்குக் காலைல அந்த ஃபிளாட்டுக்கு ஆள் குடி வருது. மெஷின் நிழல்ல உக்காந்து பாரு. நிழல்ல செஞ்சா அது வெயில் வேலை இல்லடா மோனே."

"அங்க நிழலும் கொதிக்குமே சேட்டா."

"வெள்ளிக்கிழமை ஊருக்குப் போகணுமா, வேண்டாமா? திங்கக்கிழமை கல்யாணம்னு குதிச்சியே. முடிச்சிட்டு வா, லீவு பேப்பர்ல கையெழுத்துப் போடறேன்."

பாவி! அந்தக் கல்யாணம் ஏற்கெனவே இரண்டு தடவை இந்தத் தங்கச்சனால்தான் தள்ளிப்போயிருந்தது. லின்சி என்ற அந்தப் பெண் மூன்று வருடமாகக் காத்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவையும் மாப்பிள்ளை வரவில்லை என்றால் வேறு இடம் பார்த்துவிடுவோம் என்று பெண்வீட்டில் சொல்லிவிட்டார்கள். ஷிபு பையைத் தூக்கினான்.

சால்மியாவில் அந்தக் கட்டடம். காவலாளி சாபிர் என்ற எகிப்துக் கிழவர் சாவியைக் கொடுக்கவே தயங்கினார்.

"இப்ப வேண்டாம்ப்பா. சாயங்காலமா வா."

"ஏன் ஹாஜி, மேல பேய் இருக்கா?"

அவர் சிரிக்காமல் சாவியை நீட்டினார்.

மேல்தளத்து ஃபிளாட் காலியாகக் கிடந்தது. உள்ளே போனதும் பல் கிட்டியது, அவ்வளவு குளிர். ஆனால் சுவரில் இருந்த டிஸ்ப்ளே முப்பத்தெட்டு டிகிரி என்றது. அறை கொதிக்கிறது என்று நினைத்துக்கொண்டு மொட்டை மாடியில் மெஷின் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. சென்சர் கோளாறு, கொஞ்ச நேர வேலைதான் என்று ஷிபுவுக்குச் சந்தோஷம். சாபிரை டிஸ்ப்ளே முன்னால் நிறுத்தி, நம்பரைப் போனில் சொல்லிக்கொண்டே இருக்கும்படி கேட்டுக்கொண்டு மாடியேறினான்.

கதவைத் திறந்ததும் வெயில் முகத்தில் அறைந்தது. மெஷின் மாடியின் மறுகோடியில் இருந்தது. அதன் பின்னால் ஒரு முழ நிழல். குந்தி உட்கார்ந்தான். அறைக் காற்று திரும்பி வரும் குழாய்க்குள் கைவிட்டுச் சென்சரை வெளியே இழுத்தான். பட்டாணி அளவு செம்பு முனை, அதோடு ஒரு ஒயர். முனை ஈரமாக இருந்தது. முகர்ந்து பார்த்தான். வியர்வை வாடை அடித்தது...

சென்சர் நல்லதா கெட்டதா என்று பார்க்க எங்கள் ஆட்கள் செய்வது இதுதான். கைக்குள் மூடினால் உடம்புச் சூட்டுக்கு ஏற வேண்டும். ஐஸ் தண்ணீரில் போட்டால் பூஜ்யத்துக்கு இறங்க வேண்டும். ஷிபு பிளாஸ்க்கிலிருந்து ஐஸ் தண்ணீரை டம்ளரில் ஊற்றி, முனையை உள்ளே போட்டான்.

"ஹாஜி, இப்ப எவ்வளவு?"

"முப்பத்தெட்டு."

"இன்னும் கொஞ்சம் பாருங்க."

"இல்லப்பா, ஏறுது. முப்பத்தொன்பது."

டம்ளரில் ஐஸ் மிதந்துகொண்டிருந்தது. போர்டிலிருந்து ஒயரைக் கழற்றி, சென்சரை மீட்டரில் வைத்துப் பார்த்தான். ஒரு குறையும் இல்லை. ஐஸ் தண்ணீருக்கு என்ன காட்ட வேண்டுமோ அதைத்தான் காட்டியது. ஒயரைக் கழற்றிய பிறகு கீழே டிஸ்ப்ளேயில் நம்பரே வரக்கூடாது.

"இப்ப?"

போனில் ஒரு கரகரப்பு. அப்புறம் குரல்.

"நாப்பது."

"சென்சரே இல்ல ஹாஜி! கண்ணாடி போட்டுட்டுப் பாருங்க!"

போனில் மூச்சு மட்டும் கேட்டது.

போனைக் காதிலிருந்து எடுத்தான்.

மூச்சு நிற்கவில்லை...

மெஷினின் சத்தமாக இருக்கும் என்று நினைத்தான். சுவிட்சை அணைத்தான். விசிறி கடகடவென்று சுற்றி, ஓய்ந்தது.

ஹ்ஹா... ஹ்ஹா... ஹ்ஹா...

அவன் பக்கத்திலேயே. அதே ஒரு முழ நிழலில். ஓடி வந்த நாய் இளைப்பதுபோல.

யாரும் இல்லை.

சட்டையைத் தொட்டான். காய்ந்து கிடந்தது. அந்த வெயிலில் உடம்பில் ஒரு சொட்டு வியர்வை இல்லை. தலை சுற்றியது...

"நாப்பத்தொண்ணு. எறங்கிப் போ."

அவன் கையை ஒரு கை பொத்தியது.

கொதிக்கிற கை.

இழுத்தது...

கண் விழித்தபோது ஆஸ்பத்திரியில் கிடந்தான். மாடிக் கதவுக்கு உள்பக்கம், படிக்கட்டில் விழுந்து கிடந்ததாகக் கட்டிலருகே நின்ற சாபிர் சொன்னார். அவ்வளவு தூரம் நடந்து வந்தது அவனுக்கு ஞாபகமே இல்லை.

நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டாள். "வரும்போது நாப்பத்தொண்ணு டிகிரி. இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தா பெட்டியிலதான் ஊருக்குப் போயிருப்பே. அது சரி, கையில என்ன? மூணு பேரு பிரிச்சுப் பாத்தோம், முடியல."

அப்போதுதான் வலது கை மூடியிருப்பதைப் பார்த்தான். திறந்தான். சென்சர். டம்ளரில் போட்டதை அவன் வெளியே எடுக்கவே இல்லை.

"நல்லவேளை ஹாஜி, நாப்பத்தொண்ணுன்னு சொல்லி எறங்கச் சொன்னீங்க."

கிழவர் முகம் வெளுத்தது. "நான் எங்கப்பா சொன்னேன்? முப்பத்தொன்பதுலயே லைன் கட்டாயிடுச்சு. வெயில்ல உன் போன் சூடாகி அணைஞ்சு கெடந்துச்சு. லைன் கட்டானதும் எத்தன தடவ கூப்பிட்டேன்! பயந்துபோய்தான் ஓடி வந்தேன்."

தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"போன ஜூலைல ஓபுலேசுன்னு ஒருத்தன் வந்தான், கடப்பாக்காரன். இதே மெஷின், இதே நேரம். அவனுக்கும் நான்தான் நம்பர் சொன்னேன். லைன் கட்டாச்சு. வேல முடிஞ்சுடுச்சுன்னு நெனச்சுப் போய்ப் படுத்துட்டேன். மூணரை மணி அசர் தொழுகைக்கு எழுந்து மேல போனா, வெறச்சுக் கெடந்தான். கை மூடியிருந்துச்சு. உங்க ஃபோர்மேன்தான் வந்து வெரல் வெரலாப் பிரிச்சு, சென்சர எடுத்து, பைப்புல கழுவித் திரும்ப மாட்டினான். 'நல்ல சாமான், எதுக்கு வீணாக்கணும்'னான்."

எங்களுக்குக் கம்பெனியில் சொன்னது வேறு. ஓபுலேசு ரூமில் தூக்கத்திலேயே போய்விட்டான் என்றார்கள். நாங்களும் கொடுத்து வைத்த சாவு என்று சொல்லிக்கொண்டோம். த்தூ!

சாயங்காலம் தங்கச்சன் வந்தான். உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு கையில் லீவு பேப்பர். இன்னொரு கையை நீட்டினான்.

"சென்சர் உங்கிட்டதானே இருக்கு? குடுத்துட்டு இதை வாங்கிக்க. நல்ல சாமான், எதுக்கு வீணாக்கணும்?"

ஷிபு கொடுத்தான். அவனைத் திட்டாதீர்கள். அந்த இடத்தில் நானாக இருந்தாலும் கொடுத்திருப்பேன்.

திங்கட்கிழமை கல்யாணம் நடந்தது. விருந்துப் பந்தியில் லின்சி ஆசையாக அவன் வலது கையைப் பிடித்தவள் வெடுக்கென்று விட்டாளாம். "அய்யோ, ஏன் இப்படிக் கொதிக்குது?"

அப்போது எங்களுக்கு இங்கே நண்பகல். ஷிபுவின் போன் வந்தது.

"மச்சான், அந்த மாடியில இப்ப யாருடா இருக்கா? எறக்குடா! சீக்கிரம் எறக்கு!"

நான் சாபிரைக் கூப்பிட்டேன். கிழவர் ஓடினார். தங்கச்சன் அனுப்பிய நேபாளி ஒருவன் மெஷின் பக்கத்தில் சுருண்டு கிடந்தான். உயிர் இருந்தது. கை மூடியிருந்தது.

ஷிபு திரும்பி வரவே இல்லை. கொட்டாரக்கரையில் ஆட்டோ ஓட்டுகிறான். அந்தப் பழைய மெஷினை இரும்புக் கடைக்குப் போட்டுவிட்டார்கள். சென்சரை மட்டும் தங்கச்சன் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போனான்; அதை எந்த மெஷினில் மாட்டினான் என்று யாருக்கும் தெரியாது. ஜூன் பிறந்தால் மத்தியான வேளையில் ஷிபுவின் உள்ளங்கை கொதிக்க ஆரம்பித்துவிடும்.

போன வாரமும் கூப்பிட்டான். "நாப்பதுடா மச்சான்... நாப்பத்தொண்ணு... எந்த மாடின்னு பாருடா," என்று அழுதான்.

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். கண்ணுக்கு எட்டியவரை மாடிகள்தான் இருந்தன.