மிதவையைப் பிடித்தவள்

நாற்பது. இந்த எண்ணை மறக்காதீர்கள்.

பாம்பனுக்குத் தெற்கே கடல்பாசி எடுக்கப் போகும் பெண்கள் இரண்டிரண்டு பேராக இறங்குவார்கள். ஒருத்தி மூழ்குவாள். மற்றவள் மிதவையைப் பிடித்துக்கொண்டு உரக்க எண்ணுவாள். நாற்பதுக்குள் தலை தெரியாவிட்டால் எண்ணுகிறவள் மூழ்கி இழுத்துவர வேண்டும். வேறு பாதுகாப்பு எதையும் எந்த அரசாங்கமும் கொடுக்கவில்லை.

1988இல் எண்ணியவள் பிரகாசியம்மாள். மூழ்கியவள் மீனம்மாள். பிரகாசி கண்டுபிடித்து வைத்திருந்த பாசிப் பாறையை முதல்நாள்தான் மீனம்மாள் சுத்தமாக வழித்திருந்தாள். அதில் இருவருக்கும் சண்டை.

"அடியே, கோயில்ல ஜெபமாலை சொல்றாப்புல இழுக்காத. வெரசா எண்ணு," என்று சிரித்துவிட்டு இறங்கினாள் மீனம்மாள். கால் பாறை இடுக்கில் மாட்டிக்கொண்டது. பிணமாகத்தான் வந்தாள்.

"நாப்பதுல பாஞ்சேன். பிரயோசனமில்ல," என்றாள் பிரகாசி. எங்கள் பாசிப் பெண்கள் சங்க நோட்டீசில் அதையே அச்சடித்தோம். அந்த நோட்டீசுக்குத் திருத்தம்தான் இது. இதை எங்களிடம் சொன்னவள் மீனம்மாளின் மகள் சேதுலட்சுமி.

தவக்காலம்தோறும் சாமியார் சொல்வார்: "ஆண்டவர் முன்னால உங்க இருதயத்தத் தொறந்து பாருங்க." பிரகாசி கண்ணை மூடுவாள். உள்ளே அவள் குரலே எண்ணத் தொடங்கும். நாற்பது வந்ததும் கண்ணைத் திறந்துவிடுவாள். கோபம், புறணி என்று சின்னச் சின்னப் பாவங்களைச் சொல்லிவிட்டு நற்கருணை வாங்குவாள். பதினேழு வருடம் இப்படி.

2005, பெரிய வெள்ளிக்கு மூன்று நாள் முன்பு. காலை பத்து மணி. கடலில் அலையே இல்லை. இப்போது பிரகாசிக்குக் கூட்டு சேதுலட்சுமி. மூழ்கியவள் முப்பது எண்ணும்போதே மேலே வந்தாள்.

"அத்தே, உங்ககூட எண்ணுனது யாரு?"

"நான் மட்டுந்தாண்டி."

"அடியில கேட்டுச்சு. உங்க கொரலுதான். நீங்க இருவத்தஞ்சுங்கிறப்ப அது எம்பதுங்குது."

பிரகாசி குனிந்து காதைத் தண்ணீரில் வைத்தாள். கண்ணை மூடினாள். வெகுநேரம் திறக்கவில்லை. பிறகுதான் நிமிர்ந்தாள்.

"எங்கம்மாவுக்கு எத்தன எண்ணுனீங்க அத்தே?"

"செத்த நேரம் தவிக்கட்டும்னு நெனச்சேன். சாமியார்கிட்டகூட சொல்லல," என்றாள். மிதவையை அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தாள்.

"நூத்திப்பத்து."